மனோன்மணீய ஆசிரியரும் திருஞானசம்பந்தர் காலவாராய்ச்சியும்

தமிழ்த்தாய் வாழ்த்தினைக் கேளாத மாணவர் நம் நாட்டில் இலர். 1970-ஆம் ஆண்டில் அரசு விழாக்களிற் பாடுதற்குரியதென ஏற்கப்பெற்று, 2021-ஆம் ஆண்டில் மாநிலப் பாடலெனவும் அறிவிக்கப்பெற்ற அவ்வாழ்த்து, மனோன்மணீயம் என்னும் நாடக நூலின் முகப்பிலுள்ள பகுதியாம். அந்நூலை இயற்றியவர் ராவ்பகதூர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள். புலவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை யொன்று, நம் இலக்கிய வரலாற்றில் சில நூற்றாண்டுகளையே இடம் பெயர்த்து வைத்தது. அஃது அறிந்தார் சிலரே. படித்தார் மிகச் சிலர். அக்கட்டுரை முதன்முதல் வெளிப்பட்டதும் ஒரு மிஷன் கலாசாலையின் சஞ்சிகையில் ஆதலின், அதனை எழுதிய பெரியாரின் வரலாற்றை இப்பக்கங்களிற் கூறுதல் பொருத்தமுடைத்தென எண்ணுகின்றேன்.

சுந்தரம் பிள்ளையவர்கள் 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆலப்புழையிற் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை, தாயார் மாடத்தியம்மாள். மலையாள நாட்டிற் பிறந்து வளர்ந்தவராயினும் தமிழை முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்கு இளமையிலேயே கிட்டியது. பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராயிருந்த நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் அவர் தமிழ் நூல்களைப் பாடங் கேட்டனர். திருவனந்தபுரம் மகாராஜா கலாசாலையிற் பயின்று 1876-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் சிவகாமியம்மையாரை மணந்தார். சிறிது காலம் திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பாடசாலையொன்றிற்குத் தலைமையாசிரியராயிருந்தபோது கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளின் தொடர்பு வாய்த்தது. அவரையே தம் ஞானாசிரியராகக் கொண்டார். 1880-இல் எம். ஏ. தேர்விலும் வெற்றி பெற்றார்.

இவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் ஹார்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியர். மகாராஜா கலாசாலையில் தத்துவ சாஸ்திரம் கற்பித்த ஹார்வி துரையே தம் பழைய மாணாக்கரைத் திருநெல்வேலியிலிருந்து மீண்டும் அழைத்துக்கொண்டார். ஆசிரியர்பால் மாணாக்கர் வைத்த அன்பு எத்தகையதென்பதற்கு இரண்டு சான்றுகள் போதும்: மனோன்மணீயத்தை அவருக்கே உரிமையாக்கினார், திருவனந்தபுரத்தில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். இடையே 1882 முதல் மூன்றாண்டு திருவிதாங்கூர் அரசின் பிறவகை வருவாய்த் துறையில் உயர்ந்த அலுவல் பார்த்தார். தத்துவம் கற்றவர் வரிக் கணக்குப் பார்க்கப் போனதைக் காலக்கழிவென்று சிலர் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு கணக்கில் எழுதப்பட்ட தொகை மற்றொரு கணக்கிலிருந்து எடுத்தெழுதியதா, நேரே எண்ணி எழுதியதா என்று வினவும் பழக்கம் அத்தகைய அலுவலில் ஒருவருக்கு ஏற்படக்கூடியதே. அவருடைய பின்னைய ஆராய்ச்சி முழுவதும் அவ்வொரு வினாவையே பற்றி நிற்கின்றது. 1885-இல் கலாசாலைக்கே தத்துவப் பேராசிரியராகத் திரும்பி, இறுதிவரை அப்பதவியில் இருந்தார்.

மனோன்மணீயம் 1891-இல் அச்சேறிற்று. லிட்டன் பிரபு எழுதிய கதையொன்றைத் தழுவியது அது என்பதை ஆசிரியர் தம் முகவுரையிலேயே வெளிப்படையாகக் கூறிவிட்டார். கொண்டதை மறையாது, கொண்ட இடத்தைச் சுட்டிப் பின் தம்முடையதை வைத்தல் அவர் இயல்பு. நூலின் கவிநலம் குறித்து எழுதினோர் பலராதலின் அதனை விடுத்துக் கட்டுரைக்கு வருவோம்.

திருஞானசம்பந்தர் எக்காலத்தவர் என்பதே வினா. பார்வைக்குச் சிறிய வினாவாகத் தோன்றும். ஆனால் பாண்டியனைச் சமண சமயத்தினின்றும் சைவத்திற்குத் திருப்பியவர் சம்பந்தர் என்பது வரலாறு. அவருக்கு ஒரு காலம் குறித்துவிட்டால், தென்னாட்டிற் சமணம் தளர்ந்த காலமும், தேவாரம் தோன்றிய காலமும், அவற்றிற்கு முன்னும் பின்னும் எழுந்த நூல்களின் காலமும் அதனோடு கூடவே அமைந்துவிடும். ஓரிடத்திற் பிழைத்தால் எல்லாவிடத்தும் பிழைக்கும்.

1890-ஆம் ஆண்டளவில் இவ்வினாவுக்கு விடை தேடும் ஒருவர் எந்நூல்களை எடுத்துப் பார்த்திருப்பர்? சங்க நூல்கள் பல இன்னும் ஏட்டிலேயே கிடந்தன. கல்வெட்டுக்களை ஹுல்ட்ஷ் துரை அப்பொழுதுதான் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியிருந்தார். முதற்றொகுதி வந்தது 1890-இல். எனவே கையிற் கிடைத்தவை பெரும்பாலும் வழிநூல்களே. மெக்கன்சி துரை தொகுத்த ஏடுகளுக்கு 1828-இல் பட்டி வெளியிட்ட வில்சன், மதுரை மன்னர் வரலாறு கூறும் சுவடிகளை 1835-இல் மொழிபெயர்த்து வெளியிட்ட டெயிலர், 1868-இல் மதுரை ஜில்லாவின் வரலாறு எழுதிய நெல்சன், எல்லோரினும் மேலாகத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் செய்த கால்டுவெல் அத்தியட்சர்: இவர்களே அக்காலத்துச் சான்றோர். இவர்கள் குறித்த காலங்களோ ஒன்றோடொன்று ஒவ்வாதன. நெல்சன் பதினோராம் நூற்றாண்டென்றார். கால்டுவெலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு இறக்கினார்.

கால்டுவெலின் கூற்றுக்கு அடிப்படை யாது என்பதை இங்கு விளக்குதல் வேண்டும். சம்பந்தர் காலத்துப் பாண்டியனைக் கூன்பாண்டியன் என்று மதுரைத் தலபுராணம் கூறும். சம்பந்தர் அருளாற் கூன் நிமிர்ந்தபின் அவனுக்குச் சுந்தர பாண்டியன் என்னும் பெயர் வந்தது என்பது கதை. வெனிஸ் நகரத்து யாத்திரிகராகிய மார்க்கோ போலோ 1292-ஆம் ஆண்டளவில் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்தபோது ஆங்கு ஆண்ட மன்னனைச் சுந்தர பாண்டிய தேவன் என்று கொள்ளத்தக்க பெயராற் குறித்துள்ளார். பெயரோடு பெயர் பொருந்தியது; ஆகவே ஆளோடு ஆள் பொருந்தும் என்று அத்தியட்சர் கொண்டார். அதன்பின் சைவ மறுமலர்ச்சிக் காலம் பதின்மூன்று பதினான்காம் நூற்றாண்டுகளுக்குரியதென ஒப்பிலக்கண முகவுரையில் இடம்பெற்றது. அந்நூலின் பெருமையால் அக்காலக் குறிப்பும் பெருமை பெற்றது. பின்வந்தோர் அதனை எடுத்தெழுதினர். அவரை நோக்கி வேறு சிலர் எழுதினர். பத்து நூல்களிற் காணப்படுகின்றதே என்று படிப்போர் மயங்குவர். எண்ணிப் பார்த்தால் பத்து நூல்களுக்கும் சாட்சி ஒருவரே. அவருக்கும் ஆதாரம் ஒரு பெயர் ஒற்றுமையே. நம் கலாசாலையில் மாணவர் எழுதித் தரும் கட்டுரைகளிலும் இந்நோய் உண்டு. அடிக்குறிப்பில் ஐந்து நூல்கள் இருக்கும். ஐந்தையும் திறந்தால் நான்கு முதலாவதையே பார்த்து எழுதியனவாயிருக்கும்.

சுந்தரம் பிள்ளையவர்கள் இவ்விடத்தில் என் செய்தார்? அவர் சைவர், சம்பந்தர்பால் ஆழ்ந்த பற்றுடையவர், திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை நிறுவப்பெறுதற்குக் காரணராயிருந்தவர். எதிரிலிருப்பவரோ, தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் உலகிற்கு அறிவித்த பேரறிஞர். பற்றினால் வெகுண்டு எழுதுதல் எளிது. பெருமை கண்டு அடங்கிப்போதல் அதனினும் எளிது. அவர் இரண்டும் செய்யவில்லை. முன்னோர் கூறியவற்றை யெல்லாம் வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொருவரும் எதனைக் கொண்டு கூறினர் என்று ஆராய்ந்தார். பெயரொன்றையே துணையாகக் கொண்ட கூற்று நில்லாதென்று காட்டினார். சுந்தர பாண்டியன் என்ற பெயர் ஒருவர்க்கே உரியதன்று. பாண்டியர் பலர் அதனைப் பூண்டிருந்தனர். பழைய நூல்களோ சம்பந்தர் காலத்து மன்னனை நெடுமாறன் என்றே வழங்குகின்றன. கூனும் சுந்தரப் பெயரும் பிற்காலப் புராணத்தில் விளங்கும் அளவிற்கு முற்கால நூல்களில் விளங்கவில்லை.

மறுத்தலோடு நின்றிருந்தால் அக்கட்டுரை பத்தோடு பதினொன்றாகியிருக்கும். அதன் சிறப்பு அதற்குமேல் அவர் அமைத்த படிவரிசையில் உள்ளது. சம்பந்தரின் ஆண்டு யாது என்று நேரே தேடாமல், எந்நூல் எந்நூலை அறிந்திருக்கின்றது என்று மட்டும் அவர் வினவினார். பெரிய புராணம் சேக்கிழார் செய்தது. அநபாயன் என்னும் சோழன் காலத்தது. அவ்வநபாயன் யாவன் என்பதிற் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) என்று இன்று பெரும்பாலோர் கொள்வர். எவனாயினும் மார்க்கோ போலோவிற்கு நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்டவன். சம்பந்தர் வரலாற்றை விரித்துப் பாடிய புராணம், சம்பந்தர்க்கு முன்னரே எழுந்ததென்று எவரும் கூறார். இவ்வொன்றே 1292 என்னும் குறிப்பை வீழ்த்தப் போதுமானது.

அவர் அங்கு நிற்கவில்லை. சேக்கிழார்க்கு வழிகாட்டியவர் நம்பியாண்டார் நம்பி. சம்பந்தர்மேல் அந்தாதி முதலிய பிரபந்தங்கள் பல பாடியவர் அவர். நம்பி காலத்திலேயே தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் மறைந்து கிடந்து செல்லரித்துப் போயின என்பது திருமுறை கண்ட வரலாறு. கதையை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் நேற்றுப் பாடிய பாட்டு இன்று செல்லரித்ததென்று எவரும் கதை கட்டமாட்டார். நம்பிக்கு ஆதாரம் சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத் தொகை. அத்தொகை சம்பந்தரை முன்னை அடியாருள் ஒருவராக வைத்துப் போற்றுகின்றது. இங்ஙனம் சேக்கிழாரிலிருந்து நம்பிக்கும், நம்பியிலிருந்து சுந்தரர்க்கும், சுந்தரரிலிருந்து சம்பந்தர்க்கும் படிப்படியாக ஏறிச் சென்றார். ஒவ்வொரு படியும் அடுத்ததிற்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. எத்துணை ஆண்டு முற்பட்டது என்பதே ஐயம். அவ்வையத்தை அவர் மூடி மறைக்கவில்லை. சம்பந்தர் இன்ன ஆண்டிற் பிறந்தார் என்று கூறாமல், ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டிருத்தல் இயலாது என்று கீழெல்லை ஒன்றையே முடிவாகக் கூறினார். கிடைத்த கருவிகளுக்கு அம்முடிவே அளவு. அதற்குமேல் ஒரடி வைக்க ஆசையில்லாதவரல்லர் அவர்; வைக்கவில்லை என்பதே என் உள்ளத்தைக் கவர்கின்றது.

கட்டுரையில் தளர்ந்த இடம் இல்லாமலில்லை. ஆதி சங்கரர் இயற்றியதாகக் கூறப்படும் சௌந்தரிய லஹரியில் திராவிடச் சிசு என்று ஒரு குழந்தைக் கவி குறிக்கப்படுகின்றது. அக்குழந்தை சம்பந்தரே எனக் கொண்டு, சங்கரர்க்குச் சம்பந்தர் முற்பட்டவர் என்று அவர் ஒரு சான்று காட்டினார். அந்நூல் சங்கரர் செய்ததுதானா என்பதையே ஆராய்ச்சியாளர் பலர் இன்று ஐயுறுகின்றனர்; சிசு யாவர் என்பதிலும் உரைகாரரிடையே ஒற்றுமையில்லை. பிறர் பெயரொற்றுமையைக் கண்டித்தவர் தாமே ஒரு குறிப்புப் பெயரில் சிறிது சாய்ந்தார் என்று கூறலாம். ஆயினும் அத்தூணை எடுத்துவிட்டாலும் கட்டடம் நிற்கின்றது. ஏனெனில் அவர் பளுவை ஒரே தூணின்மேல் ஏற்றவில்லை.

இக்கட்டுரை சென்னைக் கிறித்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் 1891-ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. திருநெல்வேலித் திருச்சபையின் அத்தியட்சர் எழுதியதை ஒரு சைவப் பேராசிரியர் மறுக்க, அம்மறுப்பை ஒரு மிஷன் கலாசாலைச் சஞ்சிகையே அச்சிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்றான் கால்டுவெல் கோடைக்கானலிற் காலமானார். ஒப்பிலக்கணத்தைத் தந்த பெருந்தொண்டிற்கு அவருடைய காலக் குறிப்பின் பிழையால் குறைவு வந்ததாக அன்றும் எவரும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. பின்னர் 1895-இல் அக்கட்டுரை விரிந்து, தமிழிலக்கிய வரலாற்றிற் சில மைல்கற்கள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு தனிநூலாயிற்று. பெயரே அவர் கருத்தை விளக்கும். மைல்கல் ஊரைக் காட்டாது. ஊர் இன்னும் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதையே காட்டும்.

அம்முடிவிற்கு வேறொரு திசையிலிருந்து துணை விரைவில் வந்தது. சம்பந்தரால் தம் பதிகத்திற் சிறப்பிக்கப்பெற்ற சிறுத்தொண்டர், அரச சேவையை விடுமுன் தம் அரசனுக்காக வாதாபி நகரை அழித்த சேனாபதி என்று பெரிய புராணம் கூறுகின்றது. வாதாபியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவிற் கைப்பற்றினான் என்பது சாசனங்களால் விளங்கிற்று. இவ்விரண்டையும் இணைத்து, சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கல்வெட்டு அறிஞர் வெங்கையா எழுதினார். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மரையும் அவர்க்கு மத்தளம் முதலியன வாசிக்க இருவரையும் அமர்த்திய செய்தியும் ஹுல்ட்ஷ் துரையின் தொகுதியில் வெளியாயிற்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவாரம் கோயில் வழிபாட்டில் நிலைபெற்றுவிட்டதென்பது இதனாற் கல்லிலும் காணக்கிடைத்தது. நூல்களை மட்டும் நோக்கி ஒருவர் குறித்த எல்லைக்குள், கல்லும் செம்பும் நோக்கிய மற்றொருவரின் விடை வந்து அமர்ந்தது.

நிற்க. வழிநூல்களைச் சலித்துச் சலித்து அவற்றின் குறையை அறிந்தவர் மூலங்களைத் தேடிப் புறப்பட்டதில் வியப்பில்லை. கலாசாலை விடுமுறைகளில் திருவிதாங்கூர் நாட்டுக் கோயில்களுக்குச் சென்று வட்டெழுத்திலும் தமிழிலும் அமைந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்தார். அவற்றைக் கொண்டு 1894-இல் திருவிதாங்கூரின் பழைய மன்னர் பற்றிய ஆங்கில ஆராய்ச்சியை வெளியிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட மன்னர் சிலரின் பெயரும் காலமும் கொல்லம் ஆண்டுக் கணக்கோடு அதனால் வெளிப்பட்டன. அரசியலார் 1896-இல் ராவ்பகதூர் பட்டம் அளித்தனர். இவற்றிற்கெல்லாம் முன்னரே, 1888-இல், அறிவுத் துறைகளைப் பகுத்துக் கூறும் நூற்றொகை விளக்கம் என்னும் சிறு நூலைத் தமிழில் எழுதியிருந்தார். எந்நூல் எத்துறைக்குரியது என்று வகுத்தறியும் விருப்பம் அவருக்குப் பழையது.

1897-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் சுந்தரம் பிள்ளையவர்கள் உலகு நீத்தார். அகவை நாற்பத்திரண்டே. அவர் ஒரே மகனார் நடராச பிள்ளை அப்பொழுது சிறு குழந்தை. பின்னாளில் விடுதலைப் போரில் ஈடுபட்டுத் திருவிதாங்கூர்–கொச்சி அரசில் நிதியமைச்சராய் விளங்கினார்.

காலவாராய்ச்சிக் கட்டுரை 1909-இல் சவரிராய பிள்ளையவர்களின் தமிழாராய்ச்சிச் சஞ்சிகையில் மறுபடியும் அச்சாயிற்று. அப்பொழுது அதன் முடிவு புதுமையிழந்துவிட்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தியாயிற்று. இன்று சிறுவர் படிக்கும் பாட புத்தகத்திலும் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்றே இருக்கும்; யார் கண்டது என்ற குறிப்பு அங்கு இராது. மனோன்மணீயம் நூல்நிலையத்தில் பல பிரதிகளாகக் கிடைக்கின்றது. மைல்கற்களைக் காண விரும்புவோர் பழைய சஞ்சிகைகள் அடுக்கிய அலமாரியைத்தான் திறக்கவேண்டும்.